சமையல் மேடைக்கு அடியில் மூலைத் தட்டு போடுவது எப்படி?

‘எல்’ வடிவில் மேடை போட்ட சமையலறைகளில், இரண்டு மேடைகளும் சேருகிற மூலைக்கு அடியில் ஓர் இருட்டுப் பொந்து இருக்கும். கீழ்ப்பகுதியில் வேறெங்கும் இவ்வளவு பெரிய இடம் கிடையாது. ஆனாலும் பழைய வாணலி, உடைந்த மிக்ஸி, மூடி காணாமல் போன டப்பா ஆகியவைதான் அங்கே குடியிருக்கும். ஒரே ஒரு தட்டு சரியாகப் போட்டால் போதும், அந்த இடம் உருப்படியாகிவிடும். ஆசாரியை வரவழைத்தால் அரை நாளில் முடித்துவிட்டுப் போவார். நீங்களே செய்ய நினைத்தால், முன்பின் மரவேலை தெரியாதவர் கூட இரண்டு விடுமுறை நாட்களில் முடிக்கலாம்.

சிக்கல் மரவேலையில் இல்லை. இந்த மூலையில் பொருத்த வேண்டிய தட்டு, அதன் வாசலைவிடப் பெரியது. இதை யோசிக்காமல் ‘எல்’ வடிவத்தில் ஒரே பலகையாக அழகாக அறுத்துக் கொண்டுவந்து, உள்ளே நுழைக்க முடியாமல் திரும்ப அறுத்தவர்கள் நிறைய. ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க ஒரே வழியைத்தான் சொல்கிறேன்: தட்டை இரண்டு துண்டாக அறுத்து, உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பது.

கணக்குக்கு ஒரு மாதிரி மூலையை வைத்துக்கொள்வோம். மூலையிலிருந்து பின்சுவர் நெடுக 90 செ.மீ., இடதுபுறமுள்ள பக்கச்சுவர் நெடுக 90 செ.மீ. இரண்டு முனைகளிலும் கடப்பா கல் தடுப்பு. மேடையின் உள் ஆழம் 58 செ.மீ. தரையிலிருந்து மேடையின் அடிப்பாகம் வரை 72 செ.மீ. வாசல் இரண்டு பக்கமும் 32 செ.மீ. அகலம்; இரண்டும் சேரும் இடத்தில் தூண் கிடையாது, மடிப்புக் கதவு. உங்கள் வீட்டு அளவு வேறாக இருக்கும். எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், முறை மாறாது.

முதலில் காலி செய்யுங்கள்

எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, டார்ச் அடித்து உள்ளே தலையை விட்டுப் பாருங்கள். மூன்று விஷயங்களைத் தேட வேண்டும்.

ஒன்று, ஈரம். சிங்க் மூலைக்குப் பக்கத்தில் இருந்தால் அதன் கழிவுக் குழாய் இந்த வழியாகத்தான் போகும். இணைப்பில் லேசான கசிவு இருந்தாலும் அதை முதலில் சரிசெய்யுங்கள். சுவரின் அடிப்பகுதியில் பூச்சு உப்பி உதிர்ந்திருந்தால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் பலகை வாங்கப் போகாதீர்கள். எவ்வளவு நல்ல பிளைவுட்டானாலும் ஈரச் சுவரோடு குடித்தனம் நடத்தாது.

இரண்டு, கரையான். சுவர் ஓரத்தில் மண் கோடு தெரிந்தால் மருந்து அடித்த பிறகுதான் மர வேலை.

மூன்று, கேஸ் குழாய். சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாய் இந்த மூலை வழியாகப் போனால், தட்டு போட்ட பிறகும் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைக்கு எட்ட வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை குழாயை மாற்றச் சொல்கிறார்கள். பாத்திரங்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் அந்த நினைப்பே வராது. பலகை விளிம்பு குழாயை அழுத்தவோ உரசவோ கூடாது. இன்னொன்று: இந்த மூலையையே சிலிண்டர் வைக்கும் இடமாக்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். காற்றோட்டம் இல்லாத மூலை அதற்கு ஏற்ற இடமே இல்லை.

அளவு எடுப்பது

இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். அறுப்பதும் முடுக்குவதும் சீக்கிரம் முடிந்துவிடும்.

சுவர் மூலை சரியான செங்கோணமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். மேடைக்கு மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பதால் மேஸ்திரி அங்கே ஒழுங்காகப் பூசியிருப்பார். மேடைக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டிருப்பார். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. மூலையிலிருந்து பின்சுவரில் 30 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி, பக்கச்சுவரில் 40 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே சரியாக 50 செ.மீ. இருந்தால் மூலை செங்கோணம். கூடினால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் சுருங்கியிருக்கிறது. தட்டு வரப்போகும் உயரத்திலேயே இதைச் செய்யுங்கள். தரையில் ஓர் அளவும் ஒரு முழம் மேலே வேறோர் அளவும் வருவது சாதாரணம்.

வித்தியாசம் அரை செ.மீ.க்குள் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். அதற்கு மேல் என்றால் அட்டையில் மாதிரி வெட்டியே ஆக வேண்டும். சொல்லப்போனால், வித்தியாசம் இல்லாவிட்டாலும் அட்டை மாதிரி வெட்டச் சொல்வேன். காரணம் அடுத்த பத்தியில்.

ஃபிரிட்ஜ் அல்லது வாஷிங் மெஷின் வந்த பெட்டியின் தடித்த அட்டை இருந்தால் நல்லது. தட்டின் ஆழத்தை 58 செ.மீ. முழுவதும் வைக்காமல் 55 ஆக வையுங்கள். கதவின் கீலுக்கும் விரலுக்கும் முன்னால் 3 செ.மீ. இடம் வேண்டும். இனி இரண்டு துண்டு: பெரியது 90-க்கு 55, பின்சுவர் நெடுக. சின்னது 35-க்கு 55, பக்கச்சுவர் ஓரத்தில் மிச்சமுள்ள இடத்துக்கு. (90-லிருந்து 55 போக 35.) அட்டையை மூலையில் வைத்து, சுவர் எங்கெல்லாம் கோணலாக ஓடுகிறதோ அதன்படி விளிம்பைக் கோடு போட்டு வெட்டுங்கள். அட்டைக்கும் சுவருக்கும் இடைவெளி இருந்தால், 2 செ.மீ. அகலமுள்ள ஒரு சின்னக் கட்டையைச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே அதன் மறுபக்கத்தில் பென்சிலை ஓட்டுங்கள். சுவரின் நெளிவு அப்படியே அட்டையில் இறங்கிவிடும். மூலையின் உச்சியில் பூச்சுக் கலவை திரண்டு உருண்டையாக இருக்கும். பலகையின் அந்த முனையை ஒரு செ.மீ. சரிவாக நறுக்கிவிட வேண்டும். குழாய் இருந்தால் அதற்கான வெட்டையும் அட்டையிலேயே போடுங்கள்.

இப்போது அட்டையை வெளியே எடுத்து, மடக்காமல், பலகையை நுழைப்பது போலவே வாசல் வழியாக நுழைத்துப் பாருங்கள். எந்தச் சாய்வில் போகிறது, எங்கே இடிக்கிறது என்று இப்போதே தெரிந்துவிடும். உங்கள் வீட்டில் இரண்டு வாசலும் சேரும் முனையில் கல்லோ தூணோ நின்றால், பெரிய துண்டும் போகாமல் மறிக்கலாம். அப்படியானால் அதையும் இரண்டாக்கி மூன்று துண்டாகத் திட்டமிடுங்கள். அட்டை போகாத இடத்தில் பலகை போகாது.

உயரத்தை யார் முடிவு செய்வது?

நாடா அல்ல, உங்கள் பாத்திரம். கீழே வைக்க நினைக்கும் பொருட்களில் உயரமானது எதுவோ, அதை அளந்து 5 செ.மீ. சேருங்கள், அதுதான் தட்டின் அடிமட்டம். இட்லிப் பாத்திரம், பெரிய குக்கர், டேபிள் டாப் கிரைண்டர் போன்றவை தரைமட்டத்தில் இருப்பதே நல்லது. குனிந்து இழுக்கலாம், தூக்கி இறக்க வேண்டியதில்லை. நம் மாதிரியில் தரைக்கு மேல் 38 செ.மீ. வைக்கலாம். பலகை கனம் போக மேலே 32 செ.மீ. கிடைக்கும்.

ஆழமான மூலையில் இரண்டாவது முழுத் தட்டு போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். 15 செ.மீ. உயரமுள்ள சந்துக்குள் 80 செ.மீ. தூரம் கையை நீட்டி எதையும் எடுக்க முடியாது. அதற்குப் பதில் ஓர் ஏற்பாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

பலகை

பிளைவுட்டில் ஐ.எஸ். 710 என்று முத்திரை உள்ள மரைன் பிளை வாங்குங்கள், கனம் 18 அல்லது 19 மி.மீ. ஐ.எஸ். 303 முத்திரையில் வரும் பி.டபிள்யூ.ஆர். ரகம் விலை குறைவு. ஹாலில் அலமாரிக்கு அது போதும். சிங்க்குக்குப் பக்கத்து மூலைக்கு நான் வாங்க மாட்டேன். பார்ட்டிக்கிள் போர்டு, எம்.டி.எஃப். இரண்டும் இந்த இடத்துக்கு வேண்டவே வேண்டாம். ஒருமுறை தண்ணீர் ஊறினால் வீங்கிப் போகும், பிறகு பழைய அளவுக்கு வராது. பி.வி.சி. பலகை தண்ணீருக்கு அசையாது, ஆனால் கனம் வைத்தால் நாளடைவில் தொய்யும். அதைத் தேர்ந்தெடுத்தால் அடியில் தாங்கிகளை நெருக்கமாகக் கொடுங்கள்.

ஒரு முழுத் தாள் 8 அடிக்கு 4 அடி, அதாவது 244-க்கு 122 செ.மீ. நமக்கு அரைத் தாள் போதும்: 244-க்கு 61. இதில் பெரிய துண்டும் சின்னத் துண்டும் நீளவாக்கில் 125 செ.மீ. எடுத்துக்கொள்ளும். மிச்சமுள்ள 118 செ.மீ.யில் படிகள் செய்யலாம். அவை என்ன படிகள் என்று பிறகு பார்ப்போம். முனைகளில் கடப்பா கல் இருந்தால், தட்டைத் தாங்க அதை ஒட்டி நிற்கும் பலகைகளுக்கு இன்னும் ஒரு 4-க்கு 2 அடித் துண்டு வேண்டும். அரைத் தாளாகத் தருவார்களா என்று கடையில் கேளுங்கள். பெரிய கடைகளில் அறுத்தும் தருவார்கள். அங்கேயே அறுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். மெஷினில் நேராக வரும், வீட்டில் தூசியும் இல்லை. அட்டை மாதிரியைக் கையோடு கொண்டுபோங்கள். சுவரை ஒட்டும் விளிம்புகளில் 5 மி.மீ. குறைத்து அறுக்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளி வழியாகக் காற்றுப் போகும், நுழைக்கும்போது பலகை சிக்காது.

இவை தவிர வேண்டியவை: ஓர் அங்குல ரீப்பர் கட்டை (தட்டைத் தாங்கச் சுவரில் பொருத்தும் மரச்சட்டம்), 2 அங்குலச் சதுரக் கட்டை ஒன்று, 6 மி.மீ. பிளாஸ்டிக் பிளக் (ஸ்க்ரூ பிடிப்பதற்காகச் சுவர்த் துளையில் செருகுவது), ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூக்கள், உப்புத்தாள். ட்ரில்லிங் மெஷின் அக்கம்பக்கத்தில் இரவல் கிடைக்கும். சுவருக்கான 6 மி.மீ. பிட் மட்டும் புதிதாக வாங்குங்கள். மழுங்கிய பிட் துளையைப் பெரிதாக்கிவிடும், பிளக் நிற்காது.

விளிம்பை மூடுவது

பிளைவுட்டுக்குத் தண்ணீர் மேல்பக்கத்திலிருந்து போவதைவிட அறுத்த விளிம்பு வழியாகத்தான் அதிகம் போகும். நான்கு விளிம்பும், குழாய்க்காக வெட்டிய வளைவும், எதையும் விடாமல் உப்புத்தாள் போட்டு இரண்டு கை எனாமல் அடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத பின்விளிம்புதானே என்று விட்டுவிடாதீர்கள். ஈரச் சுவருக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான். முன்விளிம்புக்கு மட்டும் எட்ஜ் பேண்ட் (விளிம்பை மூடும் பட்டை) ஒட்டினால் பார்க்க நன்றாக இருக்கும். மைக்கா ஒட்டுவதானால் இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய பலகை நாளாக நாளாக வில் போல வளையும். மைக்கா செலவு வேண்டாம் என்றால் இரண்டு பக்கமும் பெயிண்ட் அடித்தாலே போதும். மூலைக்குள் யாரும் விருந்துக்கு வரப்போவதில்லை.

மட்டக்கோடு

தரையிலிருந்து 38 செ.மீ. என்று நான்கு இடத்தில் அளந்து கோடு இழுத்தால் தட்டு சாய்ந்துதான் நிற்கும். நம் சமையலறைத் தரை தண்ணீர் ஓடுவதற்காகக் கொஞ்சம் வாட்டம் கொடுத்துப் போட்டது. மேடையின் அடிப்பாகத்தையும் நம்ப வேண்டாம், பூச்சு ஏற்ற இறக்கமாக இருக்கும். ஒரே ஒரு புள்ளியை மட்டும் தரையிலிருந்து அளந்து வையுங்கள். மீதியை ட்யூப் லெவலில் எடுங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையின் தண்ணீர் மட்டத்தை முதல் புள்ளிக்கு நேராகப் பிடித்தால், மறுமுனையில் தண்ணீர் நிற்கும் இடம் அடுத்த புள்ளி. மேஸ்திரிகள் வீடு முழுக்க மட்டம் பார்ப்பது இதை வைத்துத்தான். ரசமட்டம் இருந்தாலும் சரி. ஆனால் மூலைக்குள் குனிந்து அதன் குமிழியைப் படிப்பது சிரமம்.

பின்சுவரின் வலது முனை, மூலை, பக்கச்சுவரின் முன்முனை என மூன்று புள்ளிகளையும் சேர்த்தால் மட்டக்கோடு தயார். இது தட்டின் அடிமட்டம். அதாவது ரீப்பரின் மேல்விளிம்பு இந்தக் கோட்டில் நிற்க வேண்டும்.

சுவரில் ரீப்பர்

துளை போடுவதற்கு முன் மேடைக்கு மேலே ஒரு பார்வை பாருங்கள். குழாய் எங்கே இருக்கிறது, சுவிட்ச் பெட்டி எங்கே இருக்கிறது? சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயும் வயர் பைப்பும் பெரும்பாலும் அவற்றுக்கு நேர் மேலே அல்லது கீழே ஓடும். அந்த நேர்கோட்டில் துளை போடாதீர்கள். ட்ரில்லுக்கு வேறு அறையிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு, சமையலறை மின்சாரத்தை அணைத்துவிடுங்கள்.

பின்சுவருக்கு 85 செ.மீ. ரீப்பர் ஒன்று, பக்கச்சுவருக்கும் அதேபோல் ஒன்று. முனைகளில் நிற்கும் பலகைக்கு இடம் வேண்டும் என்பதால்தான் முழு 90 எடுக்கவில்லை. இரண்டும் மூலையில் ஒன்றையொன்று இடிக்காதபடி ஒன்றைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரீப்பரிலும் 20 செ.மீ.க்கு ஒன்றாகத் துளை. ரீப்பரை முதலில் துளைத்து, சுவரில் வைத்துப் புள்ளி குறித்து, அப்புறம் சுவரைத் துளையுங்கள்.

ஸ்க்ரூவின் நீளத்தில்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள். 2 அங்குல ஸ்க்ரூ பார்க்க நீளமாகத்தான் தெரியும். ஆனால் அதில் 25 மி.மீ. ரீப்பருக்குள் போய்விடும். சுவர்ப் பூச்சு ஒரு 15 மி.மீ. மிச்சம் செங்கல்லுக்குள் போவது வெறும் 10 மி.மீ. பாத்திரங்களின் பாரம் ஏறினால் பூச்சோடு பெயர்ந்து வரும். ஆகவே இரண்டரை அங்குலம், அதாவது 65 மி.மீ. குறைந்தபட்சம். உள்சுவரில் டைல்ஸ் ஒட்டியிருந்தால் 75 மி.மீ. போடுங்கள்; டைல்ஸைத் துளைத்து முடியும் வரை ட்ரில்லின் ஹேமர் விசையை (இடித்துத் துளைக்க வைப்பது) அணைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விரிசல் விடும். பிட்டில் தேவையான ஆழத்தில் ஒரு டேப் சுற்றிக்கொண்டால் எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

வரும் தூளைக் கவனியுங்கள். சிவப்புத் தூள் என்றால் செங்கல், கவலை இல்லை. வெள்ளையாக மாவு போலப் பொலபொலவென்று கொட்டி, பிட் வெண்ணெயில் போவது போலப் போனால் அது ஏ.ஏ.சி. கல், அதாவது காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல், புதிய அடுக்குமாடிகளில் நிறைய உண்டு. அங்கே ஹேமர் விசையே கூடாது, சாதாரண பிளக்கும் நிற்காது. அந்தக் கல்லுக்கென்று வரும் நீளமான நைலான் பிளக் கேட்டு வாங்குங்கள்.

துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுத்துவிட்டு பிளக்கைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி இறக்குங்கள். கண்ணாடி இல்லாவிட்டால் ஊதும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ரீப்பரை முதலில் நடு ஸ்க்ரூவில் மட்டும் நிறுத்தி, மட்டம் பார்த்துவிட்டு மற்றவற்றை முடுக்குங்கள். எல்லாம் முடிந்ததும் இரண்டு கையாலும் ரீப்பர் மீது முழுப் பலத்தோடு அழுத்துங்கள். இப்போது அசைந்தால் பிறகும் அசையும்.

கடப்பா கல்லைத் துளைக்காதீர்கள்

முனைத் தடுப்பாக நிற்கும் கடப்பா கல் அடுக்கடுக்காகப் பிளக்கும் கல். ஹேமர் ட்ரில் வைத்தால் பின்பக்கம் செதில் செதிலாகக் கழன்று விழும். சில சமயம் கல்லே விரிசல் விடும். அதன் மேல்தான் உங்கள் மேடை நிற்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

துளைக்கத் தேவையே இல்லை. கல்லை ஒட்டினாற்போல் ஒரு பலகையை நிற்க வைத்து, அதன் தலையில் தட்டை உட்கார வைக்கலாம். அகலம் 55 செ.மீ.; உயரம் மட்டக்கோட்டிலிருந்து தரை வரை. வாட்டத்தால் முன்பக்கமும் பின்பக்கமும் உயரம் மாறும், இரண்டையும் தனித்தனியாக அளந்து சாய்வாக அறுத்துக்கொள்ளுங்கள். தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவும் வீடாக இருந்தால் நிற்கும் பலகையின் அடி நேராகத் தரையைத் தொடக் கூடாது. இரண்டு டைல்ஸ் துண்டுகளை அடியில் வையுங்கள். அந்தக் கனத்தைப் பலகை உயரத்தில் கழித்துக்கொள்ளுங்கள். முனைகளில் கல்லுக்குப் பதில் செங்கல் சுவர் இருந்தால் இந்தப் பலகை வேண்டாம், அங்கேயும் ரீப்பரே அடிக்கலாம்.

பலகையை ஏற்றுவது

இதற்கு இன்னொரு ஆள் வேண்டும். தனியாகச் செய்யாதீர்கள்.

உள்ளே போவதற்கு முன், பெரிய பலகையின் முன்விளிம்புக்கு அடியில் இணைப்புப் பட்டையைப் பொருத்த வேண்டும். மிச்சமான பிளைவுட்டில் 52 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை. சின்னப் பலகை வந்து சேரும் பக்கத்தில், அதன் அகலத்தில் பாதி பெரிய பலகைக்கு அடியிலும் பாதி வெளியே நீட்டியும் இருக்கட்டும். அடியிலிருந்து 30 மி.மீ. ஸ்க்ரூ நான்கு. அதைவிட நீளமான ஸ்க்ரூ போட்டால் மேலே எட்டிப் பார்க்கும். பட்டையின் உள்முனை பக்கச்சுவர் ரீப்பரில் இடிக்காமல் கொஞ்சம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நிற்கும் பலகைகளை இன்னும் வைக்காதீர்கள். வரிசை முக்கியம். பெரிய பலகையைச் செங்குத்தாகப் பிடித்து, பக்கத்து வாசல் வழியாக நுழைத்து, அட்டையில் பழகிய அதே சாய்வில் உள்ளே கொண்டுபோங்கள். முதலில் பலகையின் இடது முனையைத் தூக்கிப் பக்கச்சுவர் ரீப்பரின் மேல் ஏற்றுங்கள். வலது முனை தாழ்ந்தபடி இருக்கட்டும். அப்புறம் வலது முனையை உயர்த்திக்கொண்டே பின்விளிம்பைப் பின்சுவர் ரீப்பரில் உட்கார வைக்கலாம். ஒருவர் அப்படியே தாங்கிப் பிடிக்க, மற்றவர் வலப்பக்க நிற்கும் பலகையை அடியில் தள்ளிச் சேர்க்க வேண்டும். எல்லாத் தாங்கிகளையும் முதலிலேயே பொருத்தி வைத்திருந்தால் பலகை அவற்றுக்கு நடுவே சிக்கி மேலேயும் போகாது, கீழேயும் வராது.

அடுத்து, இரண்டு வாசலும் சேரும் உள்முனைக்கு ஒரு கால். இணைப்புப் பட்டையின் முன்முனை வந்து நிற்கும் இடம் அது; இரண்டு பலகைகளின் பாரமும் கூடும் இடம். 2 அங்குலச் சதுரக் கட்டையை உயரத்துக்கு அறுத்து, அடியில் டைல்ஸ் துண்டு வைத்து, கொஞ்சம் இறுக்கமாகவே தட்டி நிறுத்துங்கள். மேலிருந்து ஒரு ஸ்க்ரூ. சிலர் இந்தக் கால் கைக்கு இடைஞ்சல் என்று விட்டுவிடுவார்கள். இலேசான டப்பாக்கள் மட்டும் வைப்பதானால் விடலாம். பித்தளைப் பாத்திரம், இரும்பு தோசைக்கல் எல்லாம் ஏறப்போகிறது என்றால் கால் இருந்தே ஆக வேண்டும்.

கடைசியாகச் சின்னப் பலகை. முன்பக்க நிற்கும் பலகையை வைத்துவிட்டு, பெரிய பலகையின் மேலாகச் சறுக்கி அதை இடத்தில் இறக்கினால் மூன்று பக்கமும் தாங்கியில் உட்காரும். பசை போடாதீர்கள், ஆணியும் அடிக்காதீர்கள். பட்டைக்கு அடியிலிருந்து இரண்டு ஸ்க்ரூ போதும். நாளைக்கே குழாய் ரிப்பேர் என்று பிளம்பர் வந்தால் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றிப் பலகையை வெளியே எடுத்துக் கொடுத்துவிடலாம். பசை போட்டு ஒட்டிய தட்டை அவர் உடைத்துத்தான் எடுப்பார்.

பின்னால் ஒரு படி

மேலே கிடைத்த 32 செ.மீ. உயரத்தில் இரண்டாவது தட்டுக்குப் பதிலாக, கொலுப்படி போலச் சுவரோரம் ஒரு படியைச் சும்மா வைத்தால் போதும். 15 செ.மீ. உயரம், 25 செ.மீ. ஆழம். பின்சுவருக்கு 80 செ.மீ. நீளத்தில் ஒன்று, பக்கச்சுவருக்கு 55 செ.மீ. நீளத்தில் ஒன்று. கால்களுக்கு 13-க்கு 25 செ.மீ. துண்டுகள் நான்கு. எல்லாமே அரைத் தாளில் மிஞ்சிய 118 செ.மீ.யில் அடங்கிவிடும். முக்காலி செய்வது போல மேலிருந்து ஸ்க்ரூ அடித்தால் தீர்ந்தது. சுவரில் எதையும் பொருத்த வேண்டாம்.

பின்வரிசை டப்பாக்கள் முன்வரிசைக்கு மேலே தலை காட்டும். எது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. கரப்பான் பூச்சித் தொல்லை வந்தால் படியை அப்படியே வெளியே தூக்கித் துடைக்கலாம். இந்தப் படிக்காகவே இவ்வளவு வேலையும் செய்யலாம் என்பது என் கட்சி.

ஒரு பக்கம் மட்டும் திறக்கும் மூலை என்றால்

சில வீடுகளில் மூலைக்கு ஒரே கதவுதான். இன்னொரு பக்கம் முழுவதும் அடைத்திருக்கும். அங்கே தட்டு நீள்சதுரம், ‘எல்’ அல்ல. ஆனாலும் வாசலைவிட நீளம். குறுக்கே இரண்டாக அறுத்து, சேரும் இடத்துக்கு அடியில் அதே இணைப்புப் பட்டை, அதே கால். அந்த மூலையின் கடைக்கோடியில் பொருட்களைத் தனித்தனியாக வைக்காமல், கைப்பிடி உள்ள நீளமான பிளாஸ்டிக் கூடையில் போட்டு வையுங்கள். கூடையை இழுத்தால் எல்லாம் வந்துவிடும்.

கடையில் விற்கும் சுழலும் தட்டு, வெளியே நகர்ந்து வரும் கம்பிக் கூடை ஆகியவை மாடுலர் கிச்சன் பெட்டி அளவுக்குச் செய்தவை. செங்கல் மேடைக்கு அடியில் கோணல் மாணலாக இருக்கும் பொந்தில் அவை அப்படியே பொருந்துவது அபூர்வம். வட்டத் தட்டு சதுர மூலையின் உச்சியை எப்படியும் வீணாக்கும். பெட்டியாகவே செய்த சமையலறை உங்களுடையது என்றால் யோசிக்கலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரில் கை வைக்காமல் எல்லாப் பக்கமும் நிற்கும் பலகையே வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் கூடுதல் பிளைவுட் ஆகும், ஆனால் வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம். புது வீட்டு மூலைக்கு அளவு சரிப்படுமா என்பது வேறு விஷயம்.

சாமான் ஏற்றுவது

பெயிண்ட் வாசனை முழுவதும் போகும் வரை கதவைத் திறந்தே வையுங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள். கனமானவற்றைச் சுவர் ஓரத்திலும் காலுக்கு நேராகவும் வைத்து, ஒரு வாரம் கழித்து அடியில் கைவிட்டுப் பாருங்கள். ரீப்பருக்கும் சுவருக்கும் நடுவே நகம் போகும் அளவு இடைவெளி தெரிந்தால் அந்த ஸ்க்ரூ பிடிக்கவில்லை. அதைக் கழற்றி, பக்கத்தில் புதுத் துளை போட்டு மாற்றுங்கள். அதே துளையில் தீக்குச்சி செருகி முடுக்கும் வித்தை இங்கே வேண்டாம்.

25 கிலோ அரிசி மூட்டை, 15 கிலோ எண்ணெய் டின் போன்றவை தரையிலேயே இருக்கட்டும். தட்டின் முன்பக்கத்தில் வாரம் ஒருமுறையாவது எடுக்கும் பொருட்கள், படியில் டப்பாக்கள், உச்சி மூலையில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் வெளியே வரும் பெரிய பாத்திரங்கள். மூலைக்குள் வெளிச்சம் வராது என்பதால் பேட்டரியில் எரியும் சின்ன ஒட்டு விளக்கு ஒன்றை மேடையின் அடிப்பாகத்தில் ஒட்டிவிடுங்கள். அதற்காக வயர் இழுக்க வேண்டியதில்லை.